எலிக்கு எதுக்குங்க எலுமிச்சம்பழம்?

"வைட்டமின் சி குறைந்தால் கல்லீரல் நொதிகள் செயலிழக்கும், ஆய்வில் நிரூபணம்!"

இந்த மாதிரி தலைப்பைப் பார்த்தா எனக்குக் கேக்கத் தோணுற முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். யாரோட கல்லீரல்?

நக்கலுக்குக் கேக்கலை. சீரியஸாத்தான் கேக்கறேன். நம்ம பதிவர்கள்ல உடல்நலம் பத்தி எழுதறவங்க நிறைய. நல்லாவும் எழுதறாங்க. ஆனா விலங்குகள்ல நடந்த ஆய்வுன்னு வந்துட்டா மட்டும் "எலிகளில் நிரூபிக்கப்பட்டுள்ளது"ன்னு ஒரே வரியில தாண்டிப் போயிடறாங்க. மத்த விஷயத்துல எப்படியோ, வைட்டமின் சி விஷயத்துல அந்த ஒரு வரி மொத்தக் கதையையும் கவுத்துடும். ஏன்னா சாதாரண எலிக்கு வைட்டமின் சி குறையவே குறையாது. வருஷம் முழுக்க ஒரு துளி வைட்டமின் சி இல்லாத தீனியைப் போட்டாலும் அது பாட்டுக்கு குட்டி போட்டுக்கிட்டு ஜாலியா இருக்கும். அதோட கல்லீரலே குளுக்கோஸ்ல இருந்து தனக்கு வேணுங்கிறதை தயார் பண்ணிக்கும். ஆடு, மாடு, நாய், பூனை எல்லாம் அப்படித்தான்.

அந்தத் தயாரிப்புல கடைசிப் படியைச் செய்யற நொதிக்கு (அதாங்க, என்சைம்) குலோனோலாக்டோன் ஆக்சிடேஸ்னு பேரு. பாலூட்டிகள்ல அது கல்லீரல்ல வேலை செய்யுது. தவளை, பல்லி, ஓணான் வகையறாவுல சிறுநீரகத்துல. மனுஷன், குரங்கு, கினிப் பன்றி, இந்த மூணு பேருக்கும் அந்தக் கடைசிப் படி இல்லைன்னு அமெரிக்காவுல பர்ன்ஸ் என்பவர் 1950-களின் கடைசியில காட்டினார். மரபணு ஒரேயடியா காணாமப் போயிடலை. 1994-ல நிஷிகிமி குழுவினர் தேடிப் பார்த்தப்ப, மனுஷ மரபணுத் தொகுப்புக்குள்ளேயே அது உடைஞ்சு நொறுங்கி கிடந்தது. வீட்டுப் பரண்ல கிடக்கற பாட்டி காலத்து தையல் மெஷின் மாதிரி. இருக்கு, ஆனா தைக்காது.

இந்த விஷயத்துல நம்ம நாட்டு ஆளுங்க பங்கு பெரிசு. கல்கத்தாவுல பீரேஷ் சந்திர குஹாவும் ராயும் 1958-ல ஒரு சின்ன கட்டுரை போட்டாங்க. பழந்தின்னி வௌவாலாலயும் கொண்டைக்குருவியாலயும் வைட்டமின் சி தயாரிக்க முடியாதுன்னு. ஆமா, நம்ம தோட்டத்துல கொய்யாப்பழத்தைக் கொத்தி நாசம் பண்ணுதே, அதே கொண்டைக்குருவிதான். அதுக்கும் நமக்கும் ஒரே குறை. அதே கல்கத்தாவுல சாட்டர்ஜி 1973-ல எந்தெந்தப் பிராணிக்கு எந்த உறுப்புல இந்த நொதி இருக்குன்னு வரிசையா அளந்து, அதையும் பரிணாமத்தையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதினார்.

பிராணியை மாத்திப் போட்டா முடிவு எப்படி தலைகீழாகும்கிறதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1907-ல நார்வேல ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக்னு ரெண்டு பேர், கப்பல் மாலுமிகளுக்கு வர்ற ஒரு நோயைப் பத்தி ஆராய்ச்சி பண்ணாங்க. முன்னாடி புறாவை வெச்சு செஞ்சவங்க, பாலூட்டி ஒண்ணு வேணுமேன்னு கினிப் பன்றிக்கு மாறினாங்க. வெறும் தானியத்தைப் போட்டாங்க. பார்த்தா அதுங்களுக்கு ஈறு வீங்கி, மூட்டுல ரத்தம் கட்டி, அசல் ஸ்கர்வி! கையில கிடைச்சது எலியா இருந்திருந்தா ஒண்ணுமே நடந்திருக்காது.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. அமெரிக்காவுல மெக்கால்லம்னு ஒரு பெரிய சத்துணவு விஞ்ஞானி. வைட்டமின் ஏ கண்டுபிடிப்புல பேர் வாங்கின மனுஷன். அவர் எலியை வெச்சு வேலை செய்யறவர். எலிக்கு ஸ்கர்வி வரவே மாட்டேங்குதே, அப்ப இது சத்துக்குறைவு நோயா இருக்க முடியாதுன்னு யோசிச்சு, கினிப் பன்றிக்கு வர்றது மலச்சிக்கலோட விளைவுன்னு 1917-ல எழுதிட்டார்! சாதாரண ஆளு இல்லைங்க. அவரையே எலி ஏமாத்திடுச்சுன்னா நாமெல்லாம் எம்மாத்திரம் :-)

சரி, இப்ப நொதி விஷயத்துக்கு வருவோம். வைட்டமின் சி குறைஞ்சா நொதிகளுக்கு என்னதான் ஆகுது?

நம்ம உடம்புல சில நொதிகள் நடுவுல ஒரு இரும்பு அணுவை வெச்சுக்கிட்டு வேலை செய்யுது. உதாரணத்துக்கு கொலாஜன் தயாரிக்கற இடத்துல இருக்கற ப்ரோலில் ஹைட்ராக்சிலேஸ். கொலாஜன்கிறது மூணு இழையை முறுக்கின கயிறு மாதிரி. தோல், எலும்பு, ரத்தக்குழாய், ஈறு எல்லாத்தையும் கட்டி நிறுத்தறது அதுதான். இந்த நொதி அந்த இழைகள்ல அங்கங்க ஆக்சிஜனைச் சேர்த்து முடிச்சுப் போடுது. முடிச்சு இல்லாத கொலாஜன் 24 டிகிரி செல்சியஸ் பக்கத்துலயே பிரிஞ்சுடும். நம்ம உடம்போ 37 டிகிரி. அப்புறம் எப்படி கயிறு நிக்கும்?

வேலை நடக்கும்போது எப்பவாவது இந்த நொதியோட இரும்பு, சொல்லப்போனா, துருப்பிடிச்சுப் போயிடும். அந்தத் துருவைத் தேய்ச்சு எடுத்து மறுபடி வேலைக்கு அனுப்பறதுதான் வைட்டமின் சி. அது இல்லைன்னாலும் நொதி உடனே படுத்துடாது. சில தடவை சுத்தும், அப்புறம்தான் நிக்கும். இங்க ஒரு விஷயத்தை கவனிங்க. துருவை எடுக்கத் தேவையான அளவு இருந்தா போதும். பத்து மடங்கு கொட்டினா நொதி பத்து மடங்கு வேகமா ஓடாது. பூட்டுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா திறக்கும். ஒரு லிட்டர் விட்டா கதவு ரெண்டு தடவையா திறக்கப்போகுது?

அட்ரினல் சுரப்பியில வேற கணக்கு. அங்க டோபமைனை நார்அட்ரினலினா மாத்தற நொதி தாமிரத்தை வெச்சு வேலை செய்யுது. அதுக்கு எலக்ட்ரான் கொடுக்கறதே வைட்டமின் சிதான். உடம்புல இந்த வைட்டமின் ரொம்ப அடர்த்தியா இருக்கற இடங்கள்ல அட்ரினலும் ஒண்ணு. செண்ட்-ஜியார்ஜி 1928-ல இதை முதல்ல பிரிச்சு எடுத்ததும் மாட்டோட அட்ரினல்ல இருந்துதான். (என்ன பொருள்னு தெரியாததால "எனக்குத் தெரியாது"ங்கிற அர்த்தம் வர்ற மாதிரி "இக்னோஸ்"னு பேர் வெச்சு அனுப்பினாராம். பத்திரிகை ஆசிரியர் ஒத்துக்கலை. சரின்னு "கடவுளுக்குத்தான் தெரியும்"கிற மாதிரி "காட்நோஸ்"னு அனுப்பினாராம். அதுவும் நடக்கலை. 1937-ல நோபல் பரிசு கிடைச்சுது, அது வேற விஷயம்.)

கல்லீரல்ல கொலஸ்டிராலை பித்த அமிலமா மாத்தற நொதி இருக்கு. மருந்துகளை உடைக்கற நொதிகள் இருக்கு. கினிப் பன்றியில வைட்டமின் சி குறைஞ்சா இதெல்லாம் மந்தமாகுதுன்னு 1960, 70-கள்ல வரிசையா கட்டுரைகள் வந்துச்சு. நம்ம ஆளுங்க தலைப்பு வெக்கறதெல்லாம் இந்தக் குடும்பத்து ஆய்வுகளைத்தான். சந்தோஷம். பிராணி சரியாத்தான் இருக்கு. ஆனா என்னோட ரெண்டாவது கேள்வி இங்கதான் வருது.

அந்தக் கினிப் பன்றி சாப்பிட்டுச்சா?

வைட்டமின் சி இல்லாத தீனியைப் போட்டா முதல் ரெண்டு வாரம் போல கினிப் பன்றி நல்லாத்தான் இருக்கும். அப்புறம் பசி போயிடும். எடை மளமளன்னு இறங்கும். நாலு வாரம் கிட்ட செத்துப் போகும். இப்ப அந்த மூணாவது வாரக் கடைசியில அதைக் கொன்னு கல்லீரலை எடுத்து நொதியை அளந்தா குறைவாத்தான் இருக்கும். அது வைட்டமின் சி இல்லாததால குறைஞ்சதா, பட்டினியால குறைஞ்சதா? இதைப் பிரிச்சுப் பார்க்கணும்னா இன்னொரு கூட்டம் வேணும். அதுக்கு வைட்டமின் சி நிறைய கொடுக்கணும், ஆனா நோஞ்சான் கூட்டம் எவ்வளவு தின்னுச்சோ அதே அளவு தீனிதான் போடணும். இந்தக் கூட்டம் இல்லாத ஆய்வை நான் பாதி நம்பிக்கையோடதான் படிப்பேன்.

இது வறட்டு சந்தேகம் இல்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்துல பீட்டர்காஃப்ஸ்கி என்கிற அம்மா இதையே வருஷக்கணக்கா நோண்டினாங்க. 1991-ல அவங்க தொகுத்து எழுதினதைப் படிச்சப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. கினிப் பன்றிக்கு ஸ்கர்வி வந்தா கொலாஜன் உற்பத்தி குறையுது, உண்மை. ஆனா அந்தக் குறைவு எடை இறங்கறதோட கையைக் கோத்துக்கிட்டு வருது. வைட்டமின் சி தாராளமா கொடுத்துட்டு வெறுமனே பட்டினி போட்ட கினிப் பன்றியிலயும் அதே மாதிரி குறையுது! பட்டினி கிடக்கறப்ப ரத்தத்துல வளர்ச்சிக் காரணியை அமுக்கற புரதங்கள் ஏறுது. ரெண்டு கூட்டத்துலயும் அதேதான் நடக்குது. முடிச்சு போடற நொதி சரியா ஓடாதது ஒரு கணக்கு, கயிறு திரிக்கற ஆலையே உற்பத்தியைக் குறைக்கறது இன்னொரு கணக்கு. பாடப்புத்தகத்துல ரெண்டையும் ஒரே வரியில போட்டு நம்மளை மனப்பாடம் பண்ண வெச்சுட்டாங்க.

இந்த வில்லங்கத்தை முன்னாடியே புரிஞ்சு வேற வழியில போனவர் எமில் கின்டர். அன்னைக்கு செக்கோஸ்லோவாக்கியாவுல இருந்த பிராடிஸ்லாவாக்காரர். அவர் கினிப் பன்றிகளுக்கு வைட்டமின் சியை மொத்தமா நிறுத்தலை. சாகாம, எடை இறங்காம இருக்கற அளவுக்கு மட்டும் துளித்துளியா கொடுத்து மாசக்கணக்கா வெச்சிருந்தார். பார்க்க ஆரோக்கியம், உள்ளுக்குள்ள பற்றாக்குறை. அப்பவும் கல்லீரல்ல கொலஸ்டிரால் பித்த அமிலமா மாறுறது மந்தமாச்சு. 1973-ல சயன்ஸ் இதழ்ல வந்தது. இதை நான் நம்பறேன். பட்டினியை வெளியே தள்ளிட்டுக் கேட்ட கேள்வி அது. (இதை வெச்சு "மாத்திரை போட்டா கொழுப்பு கரையும்"னு எழுதினா மட்டும் நான் பொறுப்பில்லை. குறைஞ்சா என்ன ஆகும்கிறதுதான் அவர் பார்த்தது.)

இன்னும் ஒரு வேடிக்கை பாருங்க. ஸ்கர்வியோட முதல் அறிகுறி அசதி. ஏன் அசதி? தசைக்குக் கொழுப்பை எரிபொருளா கொண்டு போய்ச் சேர்க்கற கார்னிட்டின்கிற பொருளைத் தயாரிக்க ரெண்டு நொதி வேணும், ரெண்டுக்கும் வைட்டமின் சி வேணும், கினிப் பன்றித் தசையில கார்னிட்டின் குறைஞ்சதை அளந்தும் பார்த்தாச்சு. அழகான விளக்கம். எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. 2008-ல ஜப்பான்காரங்க, வைட்டமின் சி தயாரிக்க முடியாதபடி மரபணுவைத் தட்டி எடுத்த சுண்டெலிகளை வெச்சு அதையே செஞ்சு பார்த்தாங்க. வைட்டமின் சி வத்திப் போச்சு, கார்னிட்டின் குறையலை! அப்ப எது சரி? சோதனைக் குழாய்ல அந்த நொதிக்கு வைட்டமின் சி உதவுது, சந்தேகமே இல்லை. உயிரோட இருக்கற உடம்புல அந்த வேலையை வேற ஏதாவது செஞ்சுட முடியும். கினிப் பன்றிக்கு ஒரு மாதிரி, சுண்டெலிக்கு ஒரு மாதிரி. மனுஷனுக்கு எந்த மாதிரின்னு இதை மட்டும் வெச்சு எவனும் சொல்ல முடியாது. ஆனா "அசதியா? கார்னிட்டின் குறைவு! வைட்டமின் சி சாப்பிடுங்கள்!"னு எழுதறதுக்கு நம்ம ஊர்ல ஒரு நொடி கூட யாரும் தயங்கறதில்லை.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாப் படுதுன்னா, என் சித்தப்பா. 2020 ஊரடங்கு சமயத்துல ஆயிரம் மில்லிகிராம் மாத்திரை ஆரம்பிச்சார். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. கொரோனா போச்சு, மாத்திரை போகலை. அவருக்கு முன்னாடியே சிறுநீரகக் கல் வந்து அவஸ்தைப்பட்டவர். வைட்டமின் சி உடம்புல உடைஞ்சு ஒரு பகுதி ஆக்ஸலேட்டா சிறுநீர்ல போகும், ஆக்ஸலேட் கல் வர்ற ஆளு இதைப் பார்த்துப் போடணும். ஸ்வீடன்ல ஆயிரக்கணக்கான ஆண்களை வருஷக்கணக்கா கவனிச்சதுல, வைட்டமின் சி மாத்திரை போட்டவங்களுக்கு கல் வர்ற வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்குன்னு 2013-ல வந்தது. இதைச் சொன்னா, "ஆட்டுக்கு தினமும் கிராம் கணக்குல ஊறுதாம்டா, நமக்கு ஊறலை, அதான் மாத்திரை. நீ என்ன பெரிய டாக்டரா?"ங்கறார். போன்ல வந்த தகவல்.

அந்த ஆட்டுக் கணக்கு சித்தப்பாவோடது இல்லை. ரெண்டு நோபல் வாங்கின லைனஸ் பாலிங் 1970-ல புத்தகமே போட்டு பரப்பினது. ஆடு இவ்வளவு கிலோ, இவ்வளவு தயாரிக்குது, மனுஷன் எடைக்கு இவ்வளவு வேணும். கூட்டிப் பெருக்கி கிராம் கணக்குல விழுங்கச் சொன்னார். அவரே ஒரு கட்டத்துல தினம் 18 கிராம் சாப்பிட்டார். ஆனா ஆடு வேற, நாம வேற. 2008-ல பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் ஒண்ணு காட்டினாங்க. தானே தயாரிக்க முடியாத பாலூட்டிகளோட சிவப்பு அணுக்கள் மேல ஒரு விசேஷமான கதவு இருக்கு. வேலை முடிஞ்சு செலவான வைட்டமின் சியை அது உள்ள இழுத்து, பழையபடி புதுசாக்கி அனுப்புது. எலிக்கும் ஆட்டுக்கும் வளர்ந்த அப்புறம் அந்த ஏற்பாடு இல்லை. அவங்க சம்பாதிச்சு சம்பாதிச்சு செலவு பண்றாங்க, நாம பழசை துவைச்சு துவைச்சு கட்டிக்கறோம். நடுத்தரக் குடும்பத்துக்கு இது புரியும் :-)

மனுஷங்க கிட்டயே அளந்ததும் இருக்கு. 1996-ல மார்க் லெவின் குழு, ஏழு இளைஞர்களை மாசக்கணக்குல ஆஸ்பத்திரியிலயே தங்க வெச்சு பார்த்தாங்க. தினம் 100 மில்லிகிராம்லயே வெள்ளை அணுக்கள் நிரம்பிடுது. ஒரே வேளையில 500-க்கு மேல போனா குடல் உறிஞ்சறதும் குறையுது, உறிஞ்சினதும் பெரும்பாலும் சிறுநீர்ல போயிடுது. சித்தப்பா தினமும் காசு கொடுத்து வாங்கி கழிவறைக்கு அனுப்பிக்கிட்டிருந்தார். போன வருஷம் ஸ்கேன்ல மறுபடி கல் தெரிஞ்சு, டாக்டரே நிறுத்தச் சொன்ன அப்புறம்தான் நிறுத்தினார். என் பேச்சை யார் கேக்கறா.

அதுக்காக வைட்டமின் சி பற்றாக்குறையே டுபாக்கூர்னு நான் சொல்ல வரலை. யாராவது அப்படி எழுதினா அவங்களோடயும் சண்டை போடுவேன். 1939-ல பாஸ்டன்ல கிராண்டன்னு ஒரு இளம் அறுவை மருத்துவர் தன் உடம்புலயே சோதனை பண்ணினார். வைட்டமின் சி இல்லாத சாப்பாடு. மூணாவது மாசம் முதுகுல வெட்டிப் பார்த்தாங்க, புண் ஆறிடுச்சு. ஆறாவது மாசம் வெட்டினது உள்ளுக்குள்ள ஆறவே இல்லை. வைட்டமின் ஏத்தின பிறகு ஆறிடுச்சு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல இங்கிலாந்துல ஷெஃபீல்டுல, போருக்குப் போக மறுத்தவங்க தன்னார்வமா உட்கார்ந்த சோதனையில, தினம் வெறும் 10 மில்லிகிராம் போதும் ஸ்கர்வி வராம தடுக்கன்னு தெரிஞ்சுது. அந்தப் பத்து கூட கிடைக்காதவங்கதான் நாம கவலைப்பட வேண்டியவங்க.

அவங்க யாருன்னு பார்க்க நார்வேக்கோ பாஸ்டனுக்கோ போக வேண்டாம். 2011-ல வந்த ஒரு இந்திய ஆய்வு, 60 வயசுக்கு மேற்பட்ட ஐயாயிரத்துச் சொச்சம் பேரோட ரத்தத்தைப் பார்த்தது. வட இந்தியப் பகுதியில சுமார் 74 சதவீதம் பேருக்குப் பற்றாக்குறை. தென்னிந்தியப் பகுதியில சுமார் 46 சதவீதம். வயசு ஏற ஏற, புகையிலை பழக்கம் இருந்தா, விறகு வறட்டி எரிக்கற வீடா இருந்தா நிலைமை மோசம். எலியும் இல்லை, கினிப் பன்றியும் இல்லை, நம்ம வீட்டுத் திண்ணையில உக்காந்திருக்கற தாத்தா பாட்டிங்க. பல்லு இல்லை, கொய்யா கடிக்க முடியாது. பழம் குழந்தைங்களுக்குன்னு ஒதுக்கி வெச்சுட்டு ரசஞ்சோறு, மோர்சோறோட முடிச்சுக்குவாங்க. கீரையை குழைய வேக வெச்சா இருக்கறதுலயும் பாதி போயிடும். ஈறுல ரத்தம் வந்தா "வயசாச்சு", காலு வலிச்சா "வயசாச்சு", புண் ஆறலைன்னா "சக்கரையா இருக்கும்".

நூறு கிராம் கொய்யாவுல 200 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல ஆண்களுக்கு தினம் 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம்னு சொன்னது. பாதிப் பழத்தை மசிச்சு விதையெடுத்து கொடுத்தா வேலை முடிஞ்சுது. "கல்லீரல் நொதிகள் செயலிழக்கும்"னு பயமுறுத்தி நாம எழுதற பதிவைப் படிச்சுட்டு மாத்திரைக் கடைக்கு ஓடறது என் சித்தப்பா மாதிரி, ஏற்கனவே நல்லா சாப்பிடற ஆளுங்க. பதிவே படிக்காத அந்தப் பாட்டிக்குத்தான் நொதி துருப்பிடிச்சுக் கிடக்கு. அடுத்த தடவை இதைப் பத்தி எழுதறவங்க அவங்களைப் பத்தியும் நாலு வரி எழுதுங்கப்பா.

பி.கு: வீட்டுல கினிப் பன்றி வளர்க்கறவங்க கவனத்துக்கு. முயல் தீனியையே இதுக்கும் போடலாம்னு விக்கறவங்க சொல்லுவாங்க. முயல் தன் வைட்டமின் சியை தானே தயாரிச்சுக்கும், அதனால அந்தத் தீனியில அதைச் சேர்க்க மாட்டாங்க. கினிப் பன்றிக்கான தீனியா இருந்தாலும் மூட்டையைப் பிரிச்சு ரெண்டு மூணு மாசம் வெச்சிருந்தா அதுல இருக்கற வைட்டமின் போயிடும். பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தா, தொட்டா கத்தினா, உடனே கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க. தினமும் குடைமிளகாய் ரெண்டு துண்டு, கொஞ்சம் கொத்தமல்லித்தழை போடுங்க. கொய்யா பிடிக்கும்தான், ஆனா இனிப்பு, அளவா போடுங்க.